மாண்டவர் முகத்தில் ஒரு துப்பறிவாளர்

சேலம் நகரிலும் அதைச் சூழ்ந்த இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களிலும் வாழ்ந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நாடகம் என்பது முதலில் காது வழியாகவே வந்து சேர்ந்தது. 1939 ஆம் ஆண்டில் தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும், கடலுக்கு அப்பாலிருந்து ஒலித்த இலங்கை வானொலியும் அந்நாளில் எங்கள் கூடத்தின் மாடக்குழியில் குடியிருந்தன. படக்கொட்டகைக்குப் போக அனுமதி கிடையாத பெண்மக்கள், திரைப்படத்தின் உரையாடலையும் பாட்டையும் தொகுத்து ஒலிபரப்பிய 'ஒலிச்சித்திரம்' நிகழ்ச்சியைக் கேட்டே படம் பார்த்தார்கள். வாளோசையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்; கதவு கிறீச்சிட்டால் தலைமுந்தானையை இழுத்துக்கொள்வார்கள். பி. எச். அப்துல் ஹமீது அவர்கள் அறிவிப்பாளராகவும் நாடகத் தயாரிப்பாளராகவும் இலங்கையிலிருந்து பேசிய தமிழ், எங்கள் தெருப்பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தியது என்று சொன்னாலும் மிகையாகாது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. காது ஓய்வெடுத்துக்கொண்டது.

இதை முன்னுரையாக வைப்பதற்குக் காரணம், அண்மையில் நான் கேட்க நேர்ந்த ஒரு வானொலி நாடகம். அது நம் மொழியில் எழுந்ததன்று, புதியதும் அன்று. ஐசக் அசிமோவ் 1953 இல் தொடர்கதையாக எழுதி, 1954 இல் நூலாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்னும் விஞ்ஞானப் புனைகதையை, பி.பி.சி. நான்காம் வானொலி 1989 ஆம் ஆண்டில் நாடகமாக்கி ஒலிபரப்பியது. 'எஃகுக் குகைகள்' என்று அதைத் தமிழில் அழைக்கலாம். நாடக வடிவம் தந்தவர் பெர்ட் கூல்ஸ். காவல்துறைத் துப்பறிவாளர் எலைஜா பேலியாக எட் பிஷப்பும், அவருக்குத் துணையாக வரும் இயந்திர மனிதன் டேனீல் ஆலிவாவாக ஸாம் தஸ்தூரும் நடித்தனர். தஸ்தூரை நம்மில் சிலர் வேறொரு கோலத்தில் கண்டிருக்கக்கூடும்: மவுண்ட்பேட்டனைப் பற்றிய 1986 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரிலும், 1998 இல் வந்த 'ஜின்னா' திரைப்படத்திலும் காந்தியடிகளாக நடித்தவர் அவரே.

நாடகத்தை எனக்குக் கேட்பித்தவன் என் தங்கை மகன். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். இரவில் பட்டறையின் சம்மட்டியோசை அடங்கியபின் கைப்பேசியில் கதை கேட்பது அவன் வழக்கம். சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் சேலம் கோட்டைப் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன், மஃரிபுக்குப் பிறகு இரண்டு நாள் மாலை அதை ஒலிக்கவிட்டு, இடையிடையே நிறுத்தி, ஆங்கிலம் அறியாத என் தாயாருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். தாயாருக்கு எண்பத்தொரு வயது. பார்வை மிகவும் மங்கிவிட்டது. நான் எழுதப்போகும் கருத்துகளில் சிறந்தவை அவருடையவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். வெகு தொலைவில் வரப்போகும் காலம். பூமியின் மக்கள் வானத்தைப் பார்க்காத மூடிய பெருநகரங்களில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பொதுச் சமையற்கூடத்தில் வரிசையில் நின்று உண்கிறார்கள். திறந்த வெளியில் கால் வைக்க அஞ்சுகிறார்கள். முன்னொரு காலத்தில் பூமியை விட்டுப் போய் வேறு உலகங்களில் குடியேறிச் செல்வம் கொழித்தவர்களின் வழித்தோன்றல்கள் நியூயார்க் நகருக்கு அருகே தனிக்குடியிருப்பு அமைத்து, பூமியின் மக்களை மேலிருந்து பார்க்கிறார்கள். அங்கே ஸார்ட்டன் என்னும் இயந்திர மனித வல்லுநர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொலையைத் துப்பறியப் பேலி அனுப்பப்படுகிறார். துணைக்கு டேனீலை ஏற்றாக வேண்டும் என்பது நிபந்தனை. டேனீலைச் செய்து முடித்தவர் மாண்டுபோன ஸார்ட்டனே. தம்முடைய முகத்தையே அதற்கு அச்சாக வைத்திருந்தார். ஆக, கொலையுண்டவரின் முகம், கொலையுண்டவரின் கொலையை விசாரிக்கப் புறப்படுகிறது.

இக்கதையின் மைய வசீகரம் இதுதான். விஞ்ஞானக் கதை, துப்பறியும் கதை ஆகிய இரண்டையும் ஒரே நூலில் முடிய முடியாது என்று சொல்லப்பட்டதற்கு விடையாகத் தாம் இதை எழுதியதாக அசிமோவ் கூறியிருக்கிறார். அந்தப் பந்தயத்தில் அவர் வென்றார் என்பதே என் கருத்து. ஆனால் அதைவிடப் பெரியதொன்றைத் தொட்டுவிட்டு, தொட்டதை அறியாமலே கடந்துபோனார் என்பதும் என் கருத்து. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் செவியின் செய்தி. இக்கதையின் முடிச்சு முழுவதும் கண்ணைப் பற்றியது. கொலையாளி நகரக் காவல் ஆணையர் எண்டர்பி. பேலியின் மேலதிகாரி, பழைய காலத்து மோகம் கொண்டவர், அதனாலேயே மூக்குக்கண்ணாடி அணிபவர். இயந்திர மனிதர்களை வெறுப்பவர். டேனீலை அழித்துவிட வேண்டும் என்று அவர் போகிறார். சுடுகருவியைத் தம்முடன் கொண்டுபோனால் சோதனையில் அகப்படும். எனவே அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்க்கும் ஆர். ஸாமி என்னும் இயந்திரத்திடம் கொடுத்து, மனிதர் எவரும் நடக்கத் துணியாத திறந்த வெளி வழியே அனுப்பிவைக்கிறார். குறித்த நேரத்தில் பதற்றத்தில் கண்ணாடி கீழே விழுந்து உடைகிறது. கதவைத் திறந்தவர் ஸார்ட்டன். மங்கிய கண்ணுக்கு அவர் டேனீலாகத் தெரிகிறார். இயந்திரத்தைச் சுடுவதாக எண்ணி மனிதனைச் சுட்டுவிடுகிறார். கதவின் அடிச்சட்டத்தில் கிடந்த கண்ணாடிச் சில்லுகள்தாம் கடைசியில் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன.

இதை நூலில் படிக்கும்போது, திறமையாகக் கட்டிய முடிச்சு என்ற அளவில் பாராட்டத் தோன்றும். காதால் கேட்கும்போது அதற்கு வேறொரு பலம் வந்துவிடுகிறது. கேட்பவர் தொடக்கத்திலிருந்தே கண்ணாடி உடைந்தவர். டேனீல் மனிதனைப் போல் இருக்கிறான் என்று பிறர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பேலி இடையில் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்: கொலையே நடக்கவில்லை, ஸார்ட்டன் உயிரோடுதான் இருக்கிறார், டேனீல் என்று வந்திருப்பவர் அவரேதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சாதிக்கிறார். டேனீல் மறுமொழியாகத் தன் கையின் தோலைப் பிளந்து உள்ளிருக்கும் பொறியமைப்பைக் காட்டுகிறான். திரையில் இக்காட்சி ஓர் ஒப்பனைக்காரரின் வெற்றியாகிவிடும். வானொலியில் நமக்குக் கிடைப்பது பேலியின் திகைப்பு மட்டும். அவர் நம்பிவிட்டார் என்பதால் நாமும் நம்புகிறோம். பிறருடைய சாட்சியத்தின் மேல் நிற்கும் நம்பிக்கை எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நாடகம் காட்டிவிட முடியாது. பார்வை மங்கிய என் தாயார் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி உடைந்த செய்தி வந்தபோது, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். எங்களில் எவரும் நினைத்திருக்கவில்லை.

மூலக்கதையில் செருப்புக்கடைக் கலகம் ஒன்று உண்டு. இயந்திரப் பணியாளன் கையால் சாமான் வாங்க மாட்டோம் என்று கூட்டம் கொதிக்கிறது. டேனீல் சுடுகருவியை நீட்டி மிரட்டிக் கூட்டத்தைக் கலைக்கிறான். அக்கருவியில் வெடிசக்தி ஏற்றப்படவே இல்லை என்பது பிறகுதான் பேலிக்குத் தெரிகிறது. மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்னும் முதல் விதி இயந்திரத்தின் மூளையில் பதிக்கப்பட்டது என்பதை விளக்கவுரை இல்லாமல் விளங்கவைக்கும் இடம் அது. ஆர். ஸாமி வந்ததால் வேலை இழந்த ஓர் இளைஞனும் கதையில் வருகிறான். விசைத்தறி வந்தபோது கைத்தறியை விட்டெழுந்த சேலத்துக் குடும்பங்களுக்கு அவனை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

இனி, மீண்டு வருதல்.

துப்பறிவாளர்கள் சாவதும் மீள்வதும் கதையுலகில் பழைய செய்தி. கோனன் டாயில் 1893 இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார், வாசகர் விடவில்லை, 1903 இல் திரும்பக் கொண்டுவந்தார். ஹோம்ஸ் உண்மையில் சாகவில்லை, தப்பித்து ஒளிந்திருந்தார் என்று சமாதானம் சொன்னார். அந்த ஹோம்ஸ் கதைகள் அறுபதையும் 1989 முதல் 1998 வரை இதே பி.பி.சி. வானொலி ஒரே இரு நடிகர்களைக் கொண்டு நாடகமாக்கியபோது, எழுத்துப் பணிக்குத் தலைமை தாங்கியவர் இதே பெர்ட் கூல்ஸ்தான். ஒளிந்திருந்து வந்தவரையும், முகம் மட்டும் வந்தவரையும் ஒரே ஆண்டில் கையாண்ட எழுத்தாளர் என்று அவரைச் சொல்லலாம்.

டேனீல் ஒளிந்திருந்து வந்தவனல்லன். அவனிடம் ஸார்ட்டனின் நினைவு ஒன்றுகூட இல்லை. கொன்றவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதை ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும். என் மருமகன் இதை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் தாயார் குறுக்கிட்டார். "செத்தவனே எழுந்து வந்து கொன்னவனைச் சொன்ன சங்கதி அல்பகராவுலயே இருக்கே, இவன் என்ன சொல்லாம முழிக்கிறான்?" என்றார்.

எனக்கு மெய் சிலிர்த்தது. சிறுவயதில் மதரஸாவில் ஓதிய இடம். இந்நாடகத்தோடு இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பனூ இஸ்ராயீல் கூட்டத்தில் ஒரு கொலை நடந்து, ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தித் தர்க்கித்தபோது, மூஸா (அலை) அவர்கள் வழியாகப் பசுவை அறுக்கும் கட்டளை வருகிறது. நிறம் என்ன, வயது என்ன என்று கேட்டுக் கேட்டு அவர்கள் காலம் கடத்தியதை நாமெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறோம். இறுதியில் அப்பசுவின் ஒரு பகுதியால் கொலையுண்டவன் உடலைத் தட்டும்படி ஆணையாகிறது. இவ்வாறே அல்லாஹ் மரித்தோரை உயிர்ப்பிக்கிறான் என்று திருமறை சுட்டுகிறது. அவன் எழுந்து கொலையாளியின் பெயரைச் சொல்லிவிட்டு மீண்டும் மரித்தான் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். திருமறையின் மிக நீண்ட அத்தியாயம் அந்தப் பசுவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே எழுந்தவன் அவனே. அவனுக்குப் பட்ட காயம் அவனுக்குத் தெரியும். அவன் சொல் சாட்சியம். இங்கே வருவது அவன் சாயல்; அது பிறரிடம் விசாரித்துத்தான் அறிய வேண்டும். இக்கதைகள் மறுமை நம்பிக்கைக்கு மாறானவை, வீட்டில் புழங்கத் தகாதவை என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நான் பணிவுடன் சொல்லக்கூடியது: உயிர்த்தெழுதல் என்ற ஒன்று இந்நாடகத்தில் நிகழவே இல்லை. நிகழ்ந்தது போன்ற தோற்றம் எழுகிறது, ஒரு புத்திசாலித் துப்பறிவாளர் அதை நம்பி ஏமாறுகிறார், தோல் பிளக்கிறது, தோற்றம் கலைகிறது. ரூஹைப் பற்றிய அறிவு மனிதனுக்குச் சொற்பமே கொடுக்கப்பட்டது என்ற செய்தியை அசிமோவ் அறிந்து எழுதவில்லை. ஆயினும் அவர் கதை அதற்கு முரண்படவில்லை.

புனைகதைக்கும் மறுமைக்கும் உள்ள உறவு நம் மரபுக்குப் புதிதுமன்று. நுரையீரல் வழியே குருதி சுற்றிவரும் முறையை முதலில் விளக்கிய மருத்துவர் இப்னு அந்நஃபீஸ், 1288 இல் கெய்ரோவில் மறைந்தவர், 'அர்ரிஸாலதுல் காமிலிய்யா' என்றொரு கதை எழுதினார். தனித்தீவில் தாய் தந்தை இன்றித் தோன்றிய காமில் என்பவன், கண்டும் கேட்டும் தானே சிந்தித்து, படைத்தவன் ஒருவன் உண்டு என்பதையும், தூதர்கள் வருவார்கள் என்பதையும், உலகின் முடிவையும் உடலோடு எழுப்பப்படுவதையும் அறிவால் உய்த்துணர்கிறான். மனிதன் என்பவன் உடலும் ஆன்மாவும் சேர்ந்தவன். ஆகவே எழுப்பப்படுவதும் இரண்டும் சேர்ந்தே என்பது அவர் வாதத்தின் சாரம். ஐரோப்பா இத்தகைய கதைகளுக்குப் பெயர் சூட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் ஒரு முஸ்லிம் மருத்துவர் எழுதிய விஞ்ஞானக் கற்பனை என்று இதைச் சிலர் கூறுவர். பெயர் எதுவாயினும் இருக்கட்டும். அவர் வகுத்த அளவுகோலை டேனீலின் மேல் வைத்தால், உடலின் சாயல் மட்டுமே அங்கு உண்டு. இரண்டில் ஒன்றும் முழுமையாக இல்லை.

இந்த ஆராய்ச்சியோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். இரண்டாம் நாள் மாலை, நாடகம் முடிந்ததும் என் மருமகன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

என் அத்தா 1978 இல் தம்மாமுக்குப் பிழைக்கப் போனவர். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கே சிரமப்படும் என் தாயாருக்கு அவர் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதே வழக்கம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் குடும்பங்களில் இந்தப் பேசும் கடிதங்களை அறியாதார் இரார். ஊருக்கு வருபவர் பெட்டியில் சோப்புக்கும் வாசனைத் தைலத்துக்கும் நடுவே அது வரும். அத்தா மௌத்தாகி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆறு கேசட்டுகள் தகரப்பெட்டியில் இருக்கின்றன. "அதுல இருக்கிற குரலை வச்சு இப்ப எதை வேணா பேச வைக்கலாம் மாமு. நன்னா குரல்லயே நன்னிகூட தினம் பேசும். நான் செஞ்சு தரட்டுமா?" என்றான்.

அவன் சொன்னது கற்பனையன்று. 2024 இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், 2022 இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும், பல ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை அறிவின் துணையால் ஒலிக்கச் செய்தார். 'திருடா திருடா', 'காதலன்' படங்களின் வழியாக எல்லோர் காதிலும் ஏறிய சாகுல் ஹமீதின் குரல் நெடுங்காலத்துக்குப் பிறகு புதுப்பாட்டு பாடியது. இரு குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, உரிய ஊதியமும் கொடுத்தே இதைச் செய்ததாக ரஹ்மான் வெளிப்படையாகத் தெரிவித்தார். அவ்வாறு கேட்டுச் செய்தது முறையான செயல். கேளாமல் செய்வோர் கூட்டம் பெருகப்போகிறது என்பதால் அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அசிமோவின் கதையிலும் இந்த நயம் உண்டு: தம் முகத்தை டேனீலுக்குக் கொடுத்தவர் ஸார்ட்டன் தாமே. உயிரோடு இருக்கையில், தம் கையால், தெரிந்து கொடுத்தார். என் அத்தா அப்படி எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவர் பேசியது ஒருவரிடம் மட்டும். கேட்கப்பட வேண்டியதும் அந்த ஒருவர் காதால் மட்டும்.

தாயார் பேரனிடம், "என்ன பேசும்?" என்று கேட்டார்.

"நாம எழுதிக் கொடுக்கிறதைப் பேசும் நன்னி."

"அப்ப அதை நீயே பேசேன். உன் குரல் நல்லாத்தானே இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கேசட்டைப் போட முடியுமான்னு பாரு, கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.

இரவல் வாங்கிய ஒலிப்பெட்டியில் ஒரு கேசட் மட்டும் சுற்றியது. இரைச்சலுக்கு நடுவே அத்தா, மழைக்கு முன்னால் கூரை ஓட்டை மாற்றியாயிற்றா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் போல் சற்று நிறுத்தினார். அந்த இடைவெளியில் தாயார், "மாத்தியாச்சு" என்றார். அந்த ஓட்டு வீடு இப்போது இல்லை. நானும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகுதான் நாடகத்தில் எனக்கிருந்த குறை என்னவென்று துலங்கிற்று. ஸார்ட்டனுக்காக அழுபவர் ஒருவரும் இல்லை. அவர் முகம் கதை முழுவதும் நடமாடுகிறது. அம்முகத்தைக் கண்டு நெஞ்சடைத்து நிற்கும் தாயோ மனைவியோ மகளோ நம்முன் வருவதில்லை. அவர் நண்பர்களான குடியேறிகள் அவர் சாவை அரசியல் கணக்காகவே பார்க்கிறார்கள். பூமியின் மக்களைப் புதிய உலகங்களுக்குப் புறப்படச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அது கைகூடும் நிலை வந்ததும், கொலையாளி யார் என்பதில் அவர்களுக்கு அக்கறை போய்விடுகிறது. முடிவில் எண்டர்பி அந்தத் திட்டத்துக்கு ஒத்துழைத்தால் போதும் என்று விடப்படுகிறார். விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை ஈஸா (அலை) அவர்கள் மன்னித்து அனுப்பியதாக இன்ஜீலில் கிறித்தவர் படிக்கும் நிகழ்ச்சியைப் பேலி முன்னர் டேனீலுக்குச் சொல்லியிருந்தார். அதன் கருத்தை இயந்திரம் ஆணையரிடம் திருப்பிச் சொல்ல, திரை விழுகிறது. சட்டம் மட்டுமே அறிந்த இயந்திரம் கருணையைக் கற்றுக்கொண்டது என்று ஆங்கில வாசகர்கள் இம்முடிவைப் போற்றுவார்கள்.

எனக்கு அது முழு நிறைவு தரவில்லை. மன்னிக்கும் உரிமை யாருடையது? நம் ஃபிக்ஹு நூல்கள் வேண்டுமென்றே செய்த கொலையையும், தவறுதலாக நேர்ந்த கொலையையும் வேறு பிரித்துச் சட்டம் சொல்கின்றன. எண்டர்பி இயந்திரத்தை உடைக்க எண்ணி மனிதனைக் கொன்றவர். அவர் மனத்தைக் கருவி கொண்டு சோதித்தபோது, மனிதனைத் திட்டமிட்டுக் கொல்ல இயலாதவர் என்று டேனீல் அறிந்ததும், அதனாலேயே விசாரணை திசை தவறியதும் கதையின் மிக நுட்பமான பகுதி. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்ற அடிப்படையில் அவர் குற்றம் குறைவுபடலாம். ஆனால் அந்நிஸா அத்தியாயம் தவறுதலான கொலையைப் பேசும்போதும் வாரிசுகளை மறப்பதில்லை: அவர்களுக்கு இழப்பீடு உண்டு, அதை விட்டுக்கொடுப்பதும் அவர்கள் கையில். கொன்றவன் தன் பங்குக்குச் செய்ய வேண்டிய பரிகாரமும் உண்டு. இந்நாடகத்தில் இழப்பீட்டைக் கேட்கவோ விட்டுக்கொடுக்கவோ ஆளில்லாமல், மாண்டவர் முகம் பூண்ட இயந்திரம் மாண்டவரின் பெயரால் மன்னித்துவிடுகிறது. முகம் ஒன்றாக இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம், எண்டர்பி ஏமாந்தது போலவே. அசிமோவ் தொட்டுவிட்டு அறியாமல் கடந்தார் என்று நான் முன்னர் சொன்னது இவ்விடத்தைத்தான்.

தமிழில் இக்கருவுக்கு உறவுடையவை இல்லாமல் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் உண்மையைத் தேடித் துருவும் ஜீனோ என்ற இயந்திர நாய் கடைசியில் பிரித்துப் போடப்படுகிறது. 'மீண்டும் ஜீனோ'வில் திரும்பி வருகிறது. 2010 இல் வந்த 'எந்திரன்' படத்தில் விஞ்ஞானி தம் முகத்தையே சிட்டிக்குக் கொடுக்கிறார்; பிரிக்கப்பட்ட சிட்டி 2018 இல் வந்த '2.0' படத்தில் மீண்டும் பூட்டப்பட்டு மர்மம் ஒன்றை எதிர்கொள்ள அனுப்பப்படுகிறது. கண்ணுக்கு விருந்து குறைவில்லை. காதுக்கு எவரும் எழுதவில்லை என்பதே என் ஆதங்கம். அதிலும் எங்கள் சேலத்துக்கு இவ்வகைக் கதை அந்நியமில்லை. ஏற்காட்டு மலையடிவாரத்துச் சாலையில் இன்றும் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸில்தான், வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் கதையான 'திகம்பர சாமியார்' 1950 இல் படமாயிற்று. எம். என். நம்பியார் அதில் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றித் துப்பறிந்தார். 1956 இல் ஆயிரத்தோர் இரவுகளின் அலிபாபாவை வண்ணத்தில் எடுத்ததும் அங்கேதான். வேடம் மாற்றினாலும் உள்ளே இருப்பவன் ஒருவனே என்பது திகம்பர சாமியாரின் உலகம். வேடம் ஒன்றே, உள்ளே இருப்பவன் வேறு என்பது டேனீலின் உலகம். முதலாவதைக் காட்டக் கண் வேண்டும். இரண்டாவதற்குச் செவியே போதும்.

நான் இதைத் தமிழில் எழுதுவதானால், மாண்டவரும் இயந்திரமும் ஒரே நடிகரின் குரலில் பேச வேண்டும் என்பேன். தொடக்கத்தில் மாண்டவரின் பழைய ஒலிப்பதிவு ஒன்று ஒலிக்கட்டும். இரைச்சலோடு, இடையில் இருமலோடு. பின்னர் அதே குரல் இருமலின்றி, பிசிறின்றி, வாசலில் சலாம் சொல்லட்டும். அதற்குப் பதில் சலாம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டார் தடுமாறும் அரை நிமிட மௌனத்தைக் கேட்பவர் தாங்கட்டும்.

என் மருமகன் குரல் செய்யும் யோசனையை விட்டுவிட்டான். பட்டறைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கங்களில் நாடகம் எழுதத் தொடங்கியிருக்கிறான். லாரிக் கூண்டு அடிக்கும் ஓசைக்கு நடுவே ஒரு மாலையில் கதை ஆரம்பமாகிறது. முதற்காட்சியில் கதவைத் திறப்பவர் ஒரு மூதாட்டி. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. வந்து நிற்பவனிடம் அவர் என்ன கேட்பார் என்பதில்தான் இப்போது நின்றுபோயிருக்கிறான். நன்னியிடமே கேட்டுவிடலாமா என்று நேற்று தொலைபேசியில் கேட்டான்.